25 வருடத்துக்கு ஒருமுறை டிரஸ்டிகள் கட்டிய பணம்: ஸ்காட்லாந்துக் காணி உறுதியில் ஒரு பழைய கணக்கு

மழைநாடன்:
எல்லாருக்கும் வணக்கம். கிளாஸ்கோவுக்குப் பக்கத்தில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி ஒன்று நடத்துகிறோம். இவ்வளவு காலமும் வாடகை மண்டபம்தான். இப்போது ஒரு பழைய தேவாலய மண்டபம் விலைக்கு வந்திருக்கிறது. பள்ளி ஒரு டிரஸ்ட். நானும் இன்னும் நான்கு பேரும் டிரஸ்டிகள். விற்பவர் சின்னக் கம்பெனிக்காரர், 1990களில் தேவாலயத்திடம் இருந்து வாங்கியவர்.

எங்கள் சட்டத்தரணி பழைய உறுதிகளை (காணிப் பத்திரங்களை) ஸ்கேன் செய்து, "சும்மா பார்த்து வையுங்கள்" என்று அனுப்பினார். பார்த்த நாள் முதல் நித்திரை இல்லை.

1850களில் ஒரு நிலப்பிரபு இந்தத் துண்டுக் காணியை ஒரு துணி வியாபாரிக்குக் கொடுத்திருக்கிறார். விற்றதாகவும் இல்லை, குத்தகைக்கு விட்டதாகவும் இல்லை. வருடம் 4 பவுண்ட் "ஃபியூ டியூட்டி" என்றென்றைக்கும் கட்ட வேண்டுமாம். 1884ல் தேவாலய டிரஸ்டிகள் காணியை வாங்கி மண்டபம் கட்டியிருக்கிறார்கள். கட்டோடு இரண்டு ரசீதுகள் இருக்கின்றன. 1884ல் ஒன்று, 1909ல் ஒன்று. இரண்டிலும் "காம்பொசிஷன்" என்று போட்டு, டிரஸ்டிகளிடம் இருந்து பெற்றுக்கொண்டதாக நிலப்பிரபுவின் ஆள் கையெழுத்து வைத்திருக்கிறார். 1909 ரசீதில் "இருபத்தைந்தாம் ஆண்டுக்கானது" என்று தெளிவாக உள்ளது. தொகை ஒரு முழு வருட வாடகை மதிப்பு.

அப்படியானால் 1934, 1959, 1984, 2009 என்று நான்கு தவணைக்கு ரசீதே இல்லை. இன்றைய வாடகையில் கணக்குப் போட்டால் நான்கு வருட வாடகை. ஐந்தாவது 2034ல் வரும். நாங்களும் டிரஸ்டிகள்தானே, இது எங்கள் தலையில் விழுமா? சட்டத்தரணியைக் கேட்கலாம்தான். ஆனால் அவர் ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் பில் போடுகிறார்.

சுண்டெலி:
கேட்காத கடனை ஏன் தேடிப் போய்க் கட்டுகிறீர்கள்? ரசீதை மடித்து உள்ளே வையுங்கள்.

கும்பகோணத்தாள்:
தம்பி, முதலில் தூங்குங்கள். ஒரு பைசா பாக்கி இல்லை. அந்த 25 வருடக் கட்டணத்தின் கதை 1930க்குள் முடிந்துவிட்டது. 4 பவுண்ட் வருடப் பணத்தின் கதை கடைசியாக 2004 நவம்பர் 28ல் முடிந்தது. எடின்பரோவில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் பல வருடம் பத்திரப் பிரிவில் இருந்தவள் என்ற தைரியத்தில் சொல்கிறேன். ராத்திரி சமையல் முடித்துவிட்டு விரிவாக எழுதுகிறேன். ஒன்று மட்டும் இப்போதே கேட்டுக்கொள்கிறேன்: 1884ல் உங்கள் தேவாலயத்துக்கு விற்றது அந்தத் துணி வியாபாரியா, அவருடைய பிள்ளைகளா? பார்த்துச் சொல்லுங்கள்.

வரிக்குதிரை:
இந்தக் கட்டணங்களுக்குப் பொதுப்பெயர் "கேஷுவல்டி" என்று எங்கோ படித்தேன். எனக்கு உடனே அரசு ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நிற்பதுதான் ஞாபகம் வந்தது. நிலத்துக்கும் அடிபட்டவருக்கும் என்ன சம்பந்தம்? ஆடிட்டர் மூளைக்கு எட்டவில்லை, அக்கா விளக்கட்டும்.

மழைநாடன்:
பார்த்தேன் அக்கா. விற்றது பிள்ளைகள். "காலஞ்சென்ற எங்கள் தந்தை" என்று எழுதியிருக்கிறது. இது ஏன் முக்கியம்?

கும்பகோணத்தாள்:
சமையல் முடிந்தது. பெரிய பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

ஸ்காட்லாந்தில் 2004 வரை நிலம் முழுசாக ஒருவருக்குச் சொந்தம் என்பது பெரும்பாலும் கிடையாது. உச்சியில் அரசர். அவருக்குக் கீழே பிரபு, பிரபுவுக்குக் கீழே இன்னொருவர், இப்படிப் படிக்கட்டு. மேல்படியில் இருப்பவரை மேலுடைமையர் என்றும், நிலத்தில் நிஜமாக உட்கார்ந்திருப்பவரைக் கீழுடைமையர் என்றும் வைத்துக்கொள்வோம். இருவருக்கும் அதே நிலத்தில் ஒவ்வொரு வகை உடைமை. கீழுடைமையர் வீடு கட்டலாம், விற்கலாம், பிள்ளைக்கு விடலாம். ஆனால் வருடா வருடம் ஃபியூ டியூட்டி கட்ட வேண்டும். இது மாறாத தொகை. உங்கள் 4 பவுண்ட் அதுதான். இப்படி வருடப் பணத்துக்குக் கொடுத்த நிலம்தான் "ஃபியூ".

இந்த வருடப் பணம் தவிர, எப்போதாவது ஒரு சம்பவம் நடந்தால் வரும் பணம் உண்டு. ஆள் செத்தால், ஆள் மாறினால். எதிர்பாராமல் வந்து விழும் வரவு என்பதால்தான் "கேஷுவல்டி". ஆடிட்டர் சார், ஆஸ்பத்திரி வார்த்தைக்கும் மூலம் அதேதான். அங்கேயும் எதிர்பாராமல்தானே வந்து விழுகிறார்கள்.

19ஆம் நூற்றாண்டில் மிச்சம் இருந்த கேஷுவல்டிகளில் முக்கியமானவை இரண்டு. கீழுடைமையர் இறந்து அவருடைய வாரிசு மேலுடைமையரின் புத்தகத்தில் பேர் பதிந்துகொள்ளும்போது கட்டுவது "ரிலீஃப்". வழக்கமாக ஒரு வருட ஃபியூ டியூட்டி அளவு, அவ்வளவுதான். வாரிசு அல்லாத அந்நியர், அதாவது விலைக்கு வாங்கியவர், பேர் பதியும்போது கட்டுவது "காம்பொசிஷன்". இது அந்த நிலத்தின் ஒரு முழு வருட வாடகை. அதன் மேல் எழும்பிய கட்டடத்தின் வாடகையும் சேர்த்து.

வித்தியாசம் புரிகிறதா? ஃபியூ டியூட்டி 10 பவுண்ட், கட்டடம் வருடம் 200 பவுண்டுக்கு வாடகை போகிறது என்று வையுங்கள். மகன் வந்தால் 10. வாங்கினவர் வந்தால், சில கழிவுகள் போக, 200.

இப்போது டிரஸ்டி விஷயம். மேலுடைமையரின் வரும்படி சாவை நம்பி இருக்கிறது. மனுஷன் என்றால் முப்பது வருடத்தில், ஐம்பது வருடத்தில் கண்ணை மூடுவான், புது ஆள் வருவான், கட்டணம் விழும். டிரஸ்ட் சாகாது. ஒரு டிரஸ்டி போனால் இன்னொருவரைச் சேர்த்துக்கொள்வார்கள். அதிலும் தேவாலயம், பள்ளிக்கூடம் போன்றவற்றுக்கு 1868 சட்டம் இன்னும் வசதி செய்து கொடுத்தது. பதவியில் அடுத்து வருபவருக்குப் புதுப் பத்திரமே வேண்டாம், உரிமை தானாகப் போய்ச் சேரும். மேலுடைமையர் பார்த்தார்: இவர்களுக்கு ஒருதடவை நிலம் போனால் உலகம் அழியும்வரை நமக்குக் கேஷுவல்டி கிடையாது! ஊர்ச்சபை, சங்கம் மாதிரியான அமைப்புகளைக் கீழுடைமையராக ஏற்கவே பழைய காலத்தில் மேலுடைமையர்கள் முரண்டு பிடித்தது இதனால்தான்.

அதற்கு 1874 சட்டத்தின் 5ஆம் பிரிவு ஒரு வழி கண்டுபிடித்தது. நிலம் நிறுவனத்திடமோ டிரஸ்டிகளிடமோ இருந்தால், முதலில் ஒரு காம்பொசிஷன், பிறகு ஒவ்வொரு 25ஆம் வருடமும் ஒரு காம்பொசிஷன். சாகாதவனுக்குச் சட்டமே 25 வருடத்துக்கு ஒரு சாவு எழுதி வைத்தது. உங்கள் 1884, 1909 ரசீதுகள் அதுதான்.

யார் விற்றது என்று கேட்டேனே, காரணம் இது. விற்றாலும் உடனே காம்பொசிஷன் விழாது. மேலுடைமையரின் புத்தகத்தில் கடைசியாகப் பேர் பதிந்தவர் உயிரோடு இருக்கும்வரை காத்திருக்க வேண்டும். துணி வியாபாரி ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டார் என்பதால்தான் தேவாலயம் வாங்கிய அதே வருடம் ரசீது.

நெய்தல்:
அக்கா எழுதியதில் 1874க்கு முந்தைய வித்தை ஒன்று விட்டுப்போயிற்று. டண்டீயில் சட்டம் படிக்கிறேன், இந்தப் பாடத்தில் எனக்குப் பிடித்த ஒரே பகுதி இது.

1874க்கு முன்னால், நிலத்தை வாங்கினால் போதாது. மேலுடைமையர் தனியாக உங்களை "உள்ளே சேர்க்க" வேண்டும். சேரும்போது காம்பொசிஷன். அதனால் டிரஸ்டிகளும் வாங்கியவர்களும் என்ன செய்தார்கள்? உள்ளே சேராமலே இருந்தார்கள். நிலத்தை விற்ற அல்லது டிரஸ்டுக்கு எழுதிவைத்தவரின் வாரிசை, நிலத்தில் ஒரு சதம்கூடப் பங்கு இல்லாத மகனையோ பேரனையோ, முன்னால் நிறுத்தி, "இதோ வாரிசு, ரிலீஃப் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சின்னத் தொகையோடு முடித்துவிடுவார்கள். பேருக்கு அவர் கீழுடைமையர், நிஜத்தில் நிலம் டிரஸ்டிகளிடம். மேலுடைமையருக்கு எதுவும் செய்ய முடியாது, சட்டப்படி இடம் நிரம்பியிருக்கிறது.

1874 சட்டம் அந்தச் சடங்கையே ஒழித்தது. பதிவேட்டில் பத்திரம் ஏறினாலே உள்ளே சேர்ந்ததாக அர்த்தம் என்றது. எல்லாரும் "அப்பாடா, மேலுடைமையரிடம் போகவே வேண்டாம்" என்று சந்தோஷப்பட்டார்கள். ஆனால் அதிலேயே ஆப்பு இருந்தது. லாமொண்ட் எதிர் ராங்கின் டிரஸ்டிகள் வழக்கு 1880ல் அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான பிரபுக்கள் சபைவரை போனது. டிரஸ்டிகள் பழைய வழக்கப்படி வாரிசை முன்னே நிறுத்தி ரிலீஃபோடு தப்பப் பார்த்தார்கள். முடியாது என்று தீர்ப்பு. நீங்கள்தான் சட்டப்படி ஏற்கெனவே உள்ளே சேர்ந்துவிட்டீர்களே, இடம் உங்களால் நிரம்பியிருக்கிறது, வாரிசு வந்து உட்கார நாற்காலி எங்கே? காம்பொசிஷனைக் கட்டுங்கள்.

சலுகை என்று வந்த சட்டமே கதவைச் சாத்திவிட்டது. உங்கள் தேவாலயக்காரர்கள் வாங்கியது தீர்ப்புக்கு நான்கு வருடம் கழித்து. அவர்கள் பேசாமல் கட்டியதில் ஆச்சரியமே இல்லை.

ஓலைச்சுவடி:
நல்ல இழை. சட்டம் எனக்குத் தெரியாது, பழைய சடங்குகள் பிடிக்கும். இந்த "உள்ளே சேர்ப்பது" ஒரு காலத்தில் நிலத்தின் மேலேயே நடந்தது. மேலுடைமையரின் ஆள் நிலத்தில் நின்று மண்ணும் கல்லும் எடுத்து வாங்குபவர் கையில் கொடுப்பார். மீன்பிடி உரிமை என்றால் வலையும் படகும். நேரில் போய்ச் செய்யும் கட்டாயம் 1845ல்தான் போயிற்று. ஆனால் பதிவேடு 1617லிருந்தே உண்டு. அந்த விஷயத்தில் ஸ்காட்டியர்கள் கெட்டிக்காரர்கள்.

பணமே இல்லாமல், மரியாதைக்கு ஏதாவது கொடுத்தால் போதும் என்ற வகையும் இருந்தது. ஒரு பென்னி, ஒரு ரோஜாப்பூ, அதுவும் "கேட்டால் மட்டும்". ஃபௌலிஸ் என்ற ஊரின் மன்ரோ குடும்பம் நடுக்கோடையில் ஒரு பனிக்கட்டி உருண்டை கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையில் நிலம் வைத்திருந்ததாகச் சொல்வார்கள். பக்கத்து வைவிஸ் மலையின் நிழற்பகுதியில் கோடையிலும் பனி கிடக்கும் என்பதால் அவர்களுக்கு அது பெரிய கஷ்டம் இல்லை.

நம்மூர் ஆட்களுக்குச் சுலபமாகச் சொன்னால் மேலுடைமையர் பெறுவது மேல்வாரம், கீழுடைமையருக்குக் குடிவாரம்.

வரிக்குதிரை:
ஐயா, மேல்வாரம் விளைச்சலில் பங்கு. விளைந்தால் அதிகம், காய்ந்தால் குறைவு. ஃபியூ டியூட்டி கல்லில் எழுதிய மாதிரி 4 பவுண்ட். 1850லும் 4, 1990லும் 4. பணவீக்கம் தின்று தீர்த்திருக்கும். ஒப்புமை அங்கே உடைகிறது. காம்பொசிஷன் வேண்டுமானால் ஜமீன்தாருக்கு வைக்கும் காணிக்கைப் பணமான நஜராணாவுக்குக் கிட்ட வரும்.

ஓலைச்சுவடி:
ஒத்துக்கொள்கிறேன், அந்த ஒப்புமை கொஞ்சம் அவசரம். ஆனால் நிஜமான தொடர்பு ஒன்று இருக்கிறது. சென்னையில் தீவுத்திடல் பக்கம் சேணம் இல்லாத குதிரையில் உட்கார்ந்திருக்கும் தாமஸ் மன்ரோ 1761ல் கிளாஸ்கோவில் பிறந்தவர். 1802ல் மதராஸ் மாகாணத்தில் ஜமீன்தாரி நிரந்தரத் தீர்வையைக் கொண்டுவந்தபோது அதை எதிர்த்து, இடையில் ஆள் வேண்டாம், உழுகிறவனோடு அரசு நேரடியாகக் கணக்குப் பார்க்கட்டும் என்று ரயத்துவாரிக்காக வாதாடியவர். படிக்கட்டு மேல் படிக்கட்டாக நிலம் இருந்த நாட்டுக்காரர் இங்கே படிக்கட்டு வேண்டாம் என்றார். சொந்த ஊரைப் பார்த்துத்தான் அப்படிச் சொன்னார் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் வியாபாரி வீட்டுப் பிள்ளை, சேலம், கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாராமகாலில் வருடக்கணக்காகச் சுற்றிப் பார்த்துப் படித்தது அது.

சுண்டெலி:
மன்ரோவை நிறுத்திவிட்டு மண்டபத்துக்கு வாருங்கள் ஐயா.

மழைநாடன்:
அக்கா, நெய்தல், இருவருக்கும் நன்றி. இப்போது ரசீதுகளை மறுபடி பார்த்தபோது ஒன்று கவனித்தேன். 1909 தொகை 1884 தொகையைவிடப் பல மடங்கு. 1884ல் வெறும் காணி, 1909ல் மண்டபம் எழும்பிவிட்டது. அப்படியென்றால் சபை மக்கள் காசு சேர்த்துக் கட்டின கட்டடத்தின் வாடகையையும் நிலப்பிரபு வாங்கியிருக்கிறாரா? அவர் ஒரு செங்கல்கூட வைக்கவில்லையே. இதை யாரும் தட்டிக் கேட்கவில்லையா?

நெய்தல்:
கேட்டார்கள், கொஞ்சம் தாமதமாக. ஆனால் எதிர்ப்பக்கமும் சொல்லியாக வேண்டும், அடிக்க வராதீர்கள். மேலுடைமையர் என்றதும் வேட்டை நாய் வளர்க்கும் பிரபுவையே நினைக்கிறோம். எடின்பரோவில் மிகப்பெரிய மேலுடைமையர்களில் ஒன்று ஹெரியட் மருத்துவமனை. பேர்தான் மருத்துவமனை, உண்மையில் பள்ளிக்கூடம். ஜார்ஜ் ஹெரியட் என்ற அரசவைப் பொற்கொல்லர் 1624ல் இறந்தபோது தகப்பன் இல்லாத பிள்ளைகளைப் படிக்கவைக்க விட்டுப்போன சொத்து. நகரத்துக்கு வடக்கே இருந்த வயல்களை வாங்கி, பின்னால் வீடு கட்டுபவர்களுக்கு ஃபியூவாக விட்டார்கள். அந்த வருமானத்தில் பிள்ளைகள் படித்தார்கள். அதாவது வாங்குகிற பக்கத்திலும் டிரஸ்டிகள், கொடுக்கிற பக்கத்திலும் டிரஸ்டிகள்.

இன்னொன்று. ஆரம்பத்தில் கை நிறையப் பணம் கொடுக்காமல் வீட்டுமனை கிடைத்தது இந்த முறையால்தான். நிலத்துக்கு முழு விலை கேட்டிருந்தால் உங்கள் துணி வியாபாரி வாங்கியிருக்க முடியுமா?

ஓலைச்சுவடி:
வருடப் பணத்துக்கு அந்த வாதம் பொருந்தும். நிலத்தின் விலையைத் தவணையில் கொடுப்பது மாதிரி. காம்பொசிஷனுக்குப் பொருந்தாது. நிலத்துக்கு 4 பவுண்ட் என்று பேசி வாங்கிவிட்டு, நான் கட்டிய வீட்டின் வாடகையை, நான் செத்த சந்தோஷத்தில், என்னிடம் வாங்கியவனிடம் இன்னொருவன் வசூலிப்பது எந்த நியாயம்? அனாதைப் பிள்ளை படிக்கிறது என்பதால் நியாயமாகிவிடாது. எங்கள் தாத்தா காலத்தில் இதை இழவு வரி என்று திட்டியிருப்பார்கள்.

கும்பகோணத்தாள்:
நான் ஓலைச்சுவடி ஐயா பக்கம். 1874 சட்டமே அரைமனதாக அதை ஒத்துக்கொண்டது. 1874 அக்டோபர் 1க்குப் பிறகு எழுதும் புது ஃபியூக்களில், எப்போது வரும், எவ்வளவு வரும் என்று தெரியாத கேஷுவல்டி கூடாது என்று தடை போட்டது. குறித்த வருடத்தில் குறித்த தொகை என்றால் சரி. அதனால்தான் பிற்காலப் பத்திரங்களில் "19 வருடத்துக்கு ஒருமுறை இரட்டை ஃபியூ டியூட்டி" மாதிரி வரிகள் வரும். ஆனால் பழைய ஃபியூக்களை, உங்களுடையது மாதிரி 1850கள் காலத்தவற்றை, அது விட்டுவிட்டது. வேண்டுமானால் ஒரே தொகையாகக் கொடுத்து மீட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

பழையவற்றுக்கு முடிவு கட்டியது 1914 சட்டம். மேலுடைமையரோ கீழுடைமையரோ யார் வேண்டுமானாலும் மீட்பைக் கேட்கலாம். ஒரே தொகையாகக் கொடுக்கலாம், அல்லது அதை வருடப் பணமாக மாற்றி ஃபியூ டியூட்டியோடு சேர்த்துவிடலாம். 15 வருட அவகாசம். அதற்குள் இரண்டும் நடக்காவிட்டால் 1930 தொடக்கத்தோடு உரிமை செத்தது. ஆகவே தம்பி, 1934 தவணை என்று ஒன்று பிறக்கவே இல்லை.

மழைநாடன்:
பெரிய நிம்மதி. இனி அந்த 4 பவுண்ட். அதுவும் எங்களைத் தொடாதா? இன்னொரு டிரஸ்டி, வயதானவர், "டிரஸ்டி என்றால் சொந்த வீட்டையே பறிப்பார்கள்" என்று எல்லாரையும் பயமுறுத்திக்கொண்டிருக்கிறார்.

நெய்தல்:
வயதானவர் சொல்வது ஆதாரம் இல்லாத பயம் அல்ல, பழைய பயம். 1878 அக்டோபரில் சிட்டி ஆஃப் கிளாஸ்கோ வங்கி கவிழ்ந்தது. வரையறுக்கப்படாத பொறுப்புள்ள வங்கி, அதாவது கடன் மிஞ்சினால் பங்குதாரர்கள் சொந்தக் காசில் கட்ட வேண்டும். டிரஸ்ட் சார்பாகப் பங்கு வைத்திருந்த டிரஸ்டிகளும், விதவைகளுக்கும் பிள்ளைகளுக்கும் சம்பளம் வாங்காமல் உதவி செய்தவர்கள், பங்குப் பதிவேட்டில் பேர் இருந்ததால் சொந்தக் காசைக் கொட்ட வேண்டும் என்று 1879ல் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது. 100 பவுண்ட் பங்குக்கு முதல் தடவை கட்டச் சொன்னது 500 பவுண்ட், இரண்டாவது தடவை 2250. மேற்கு ஸ்காட்லாந்தில் பல குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. நிலத்திலும் தர்க்கம் அதே மாதிரிதான் இருந்தது: பதிவேட்டில் யார் பேரோ அவர்தான் கீழுடைமையர், டிரஸ்டுக்காகத்தானே என்று சொல்லி நழுவ முடியாது.

ஃபியூ டியூட்டிக்கு வந்தால், 1974 செப்டம்பரில் இருந்து புதிதாக அதை விதிக்கவே முடியாது. பழையதை விரும்பினால் மீட்கலாம் என்று ஆயிற்று. தனித்த மனை என்றால், விலைக்கு விற்றபோது கட்டாயமாக மீட்கப்பட்டுவிட்டது. தேவாலயம் கம்பெனிக்காரருக்கு விற்றது 1990களில் என்கிறீர்கள். அன்றோடு அது முடிந்திருக்க வேண்டும். ஆகவே 2004 நவம்பர் 28, மார்ட்டின்மாஸ் தவணை நாளன்று நாடு முழுக்க ஃபியூ முறை ஒழிந்தபோது உங்கள் மண்டபத்தில் ஒழிக்க ஒன்றும் மிச்சம் இருந்திருக்காது.

மிச்சம் இருந்தவர்களுக்கும் ஒரு தொகைதான். முன்னாள் மேலுடைமையர் இரண்டு வருடத்துக்குள் நோட்டீஸ் அனுப்பிக் கேட்டிருக்க வேண்டும். அனுப்பாதவர்களுக்கு அதோடு சரி. தொகையைக் கணக்கிட்ட விதம் ஆடிட்டருக்குப் பிடிக்கும்: இரண்டரை சதவீத அரசுக் கடன்பத்திரம் எவ்வளவு வாங்கினால் வருடம் அதே ஃபியூ டியூட்டி வட்டியாக வருமோ, அந்த விலை.

வரிக்குதிரை:
பிடித்திருக்கிறது! அப்படியென்றால் சந்தை வட்டி ஏறினால் மீட்புத் தொகை இறங்கும். 1970களின் நடுவில் பிரிட்டனில் வட்டி எகிறிக் கிடந்தது. அப்போது மீட்டவர்களுக்குப் பத்து மடங்குகூட ஆகியிருக்காது. 2004ல் வட்டி ஐந்துக்குக் கீழே, ஆகவே இருபது மடங்கை ஒட்டி. "என்றைக்காவது ஒழியும், பார்த்துக்கொள்ளலாம்" என்று சும்மா இருந்தவன் இரண்டு மடங்கு கொடுத்திருக்கிறான். 4 பவுண்டுக்கு என்றால் 80 பவுண்ட், உயிர் போகாது. பெரிய கடை, ஹோட்டல் வைத்திருந்தவர்கள் நெற்றியில் அடித்துக்கொண்டிருப்பார்கள்.

கும்பகோணத்தாள்:
அந்த நோட்டீஸ் காலம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. 2005, 2006ல் தினமும் தொலைபேசி. வயதான அம்மாக்கள் அழுதபடி, "என் வீட்டை யாரோ கேட்கிறார்கள்" என்பார்கள். படித்துப் பார்த்தால் ஏதோ முப்பது பவுண்ட். 50 பவுண்டும் அதற்கு மேலும் இருந்தால் தவணையில் கட்டலாம், ஆனால் பத்து சதவீதம் கூடுதல். பெரும்பாலானவர்கள் முணுமுணுத்துக்கொண்டே ஒரே காசோலையில் முடித்தார்கள். முக்கியமான விஷயம், அந்தக் கடன் 2004ல் உடைமையாளராக இருந்த ஆளைச் சேர்ந்தது. பின்னால் வாங்கியவரைத் தொடராது.

தம்பி, பணத்தை விட்டுவிட்டு, நீங்கள் நிஜமாகக் கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். பழைய ஃபியூ பத்திரத்தில் "தேவாலயம் தவிர வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது", "சாராயம் விற்கக் கூடாது" மாதிரி நிபந்தனை இருக்கும். மேலுடைமையர் போனதும் அவற்றில் நிறையப் போய்விட்டன. எல்லாம் போகவில்லை. அவருக்கு 100 மீட்டருக்குள் வீடோ மக்கள் புழங்கும் கட்டடமோ இருந்து, 2004க்கு முன்பே முறையாகப் பதிந்திருந்தால், அந்த உரிமை அந்தக் கட்டடத்தோடு ஒட்டிக்கொண்டு உயிரோடு இருக்கலாம். அக்கம்பக்கத்தார் ஒருவர் மேல் ஒருவர் செலுத்தக்கூடிய நிபந்தனைகளும் உண்டு. தமிழ்ப் பள்ளி, ஆண்டுவிழா, சாப்பாடு, பாட்டுக் கச்சேரி எல்லாம் நடத்தப் போகிறீர்கள். வக்கீலிடம் இதைக் கேட்டு வரும் பில்லுக்கு வருத்தப்படாதீர்கள்.

இன்னொன்று, உங்களுடையது ஃபியூதானா, நெடுங்குத்தகை இல்லையே என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நீளமான குத்தகைகளிலும் இதே மாதிரி கேஷுவல்டி எழுதி வைத்திருந்தார்கள். ஃபியூவில் ஒழிந்தது அங்கே ஒழியாமல் தங்கிவிட்டது. 1990களில் அந்தப் பழைய குத்தகைகளில் நிலச் சொந்தக்காரருக்கு இருந்த உரிமைகளைச் சிலர் மலிவாக வாங்கி, வீட்டுக்காரர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் ஒரு வருட வாடகை கேட்டுக் கடிதம் அனுப்பியது பெரிய ரகளை. 2001ல் தனிச் சட்டம் போட்டுத்தான் நிறுத்தினார்கள். 175 வருடத்துக்கு மேற்பட்ட சிறு வாடகைக் குத்தகைகளில் பெரும்பாலானவை 2015 நவம்பர் 28ல் முழு உடைமையாகவே மாறிவிட்டன.

சுண்டெலி:
செத்த கேஷுவல்டி எழுந்து வந்து ஒரு வருட வாடகை கேட்டதா? பேய்க்கதையாக இருக்கிறது.

ஓலைச்சுவடி:
பேய்க்கதைக்கு இன்னொரு வார்த்தை. ஸ்காட்லாந்தில் தர்மத்துக்கு எழுதிவைத்த சொத்துக்கு "மார்ட்டிஃபிகேஷன்" என்று பேர். சாவு என்ற லத்தீன் வேர். செத்தவன் கைக்குப் போன நிலம் திரும்பி வராது என்ற அர்த்தம். அபர்டீன் நகரசபையில் இவற்றைப் பார்த்துக்கொள்ள "மார்ட்டிஃபிகேஷன்களின் தலைவர்" என்று ஒரு பதவியே இருந்தது. விசிட்டிங் கார்டு எப்படி இருந்திருக்கும்!

நெய்தல்:
ஆர்க்னி, ஷெட்லண்ட் தீவுகளை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள். அங்கே நார்வேக்காரர் காலத்து உடால் நிலம் உண்டு. அதற்கு மேலுடைமையரே கிடையாது. அங்கே மண்டபம் வாங்கியிருந்தால் இந்த இழையே பிறந்திருக்காது.

மழைநாடன்:
ஒரு வாரம் கழித்து வருகிறேன், மன்னியுங்கள். சட்டத்தரணியோடு கதைத்தேன். ஃபியூதான், குத்தகை இல்லை. 100 மீட்டர் விவகாரமும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்களோடு பொதுச் சுவர் பராமரிப்பு ஒன்று மட்டும் இருக்கிறது, அதில் எங்களுக்கு ஆட்சேபனை இல்லை.

ஆனால் இதைச் சொல்லத்தான் வந்தேன். தேவாலயம் கம்பெனிக்காரருக்கு விற்ற 1990கள் உறுதியை வரி வரியாக வாசித்தேன். அதில் "ஃபியூ டியூட்டி, வருடம் 6 பவுண்ட் 55 பென்ஸ், இன்றோடு மீட்கப்பட்டது" என்று இருக்கிறது. 4 பவுண்ட் எப்படி 6 பவுண்ட் 55 ஆயிற்று? பணவீக்கம் அதைத் தொடாது என்று வரிக்குதிரை சொன்னாரே.

கும்பகோணத்தாள்:
கட்டைத் திரும்பப் பாருங்கள். 1915க்கும் 1930க்கும் நடுவில் ஏதாவது ஒரு தாள் இருக்கும்.

மழைநாடன்:
இருந்தது அக்கா. ஸ்கேனில் இரண்டு பக்கம் ஒட்டிப்போய் ஒன்றாக வந்திருந்தது, அதனால்தான் தவறவிட்டேன். 1920களில் ஒரு பக்க ஒப்பந்தம். இனிமேல் 25ஆம் ஆண்டுக் காம்பொசிஷன் இல்லை, அதற்குப் பதிலாக ஃபியூ டியூட்டியோடு வருடம் 2 பவுண்ட் 11 ஷில்லிங் சேர்த்துக் கட்டச் சம்மதம் என்று டிரஸ்டிகள் ஆறு பேர் கையெழுத்து. பழைய காசில் 6 பவுண்ட் 11 ஷில்லிங், புதுக் காசில் 6 பவுண்ட் 55. சரியாக வருகிறது. நான் நித்திரை இல்லாமல் தேடிய 1934, 1959, 1984 எல்லாவற்றுக்கும் பதிலாக 1990கள்வரை தேவாலயக்காரர் வருடா வருடம் அந்த 2 பவுண்ட் 11 ஷில்லிங்கைக் கட்டியிருக்கிறார்கள்.

அடுத்த மாதம் 28ஆம் தேதி சாவி கையில் வரும். கூரை ஒழுகுகிறது. ஸ்லேட் ஓடு மாற்ற நல்ல ஆள் யாருக்காவது தெரிந்தால் தனிமடலில் சொல்லுங்கள்.